ஒன்பது நொடியும் ஒன்றரை நொடியும்

நான் சொல்லப்போவது இப்படித்தான் நடந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். விசாரணை அறையில் வக்கீல் மூன்று முறை முயன்றார் என்பது என் நினைவு. இரண்டே முறைதான் என்கிறாள் என் தங்கை. ஒரு வண்டி குழம்பியதற்காக அறை காத்த மௌனம் ஒன்பது நொடி என்று பதிவு சொல்கிறது. எனக்கு அது ஒரு மத்தியானம் முழுவதும் நீடித்ததாக இருக்கிறது. மௌனங்களை நான் எப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று காலை அலமாரியில் ஸ்டாப்வாட்ச் ஓட, காகிதத்தைக் கையில் பிடித்தபடி நான் சமையலறையில் நின்றதில் சந்தேகமில்லை.

என் வேலை வாசிப்பது. எங்கள் நகரத்தில் டிரைவர் இல்லாத வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அவற்றைக் கண்காணிக்க நகர வாகனக் குழு என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து பொதுமக்கள், அவர்களுக்கு ஒரு தலைவி. ஏதாவது வண்டி யார் மேலாவது மோதினாலோ, மோதப் பார்த்தாலோ, அந்த வண்டி எழுதி வைத்திருக்கும் பதிவு எங்கள் அலுவலகத்துக்கு வரும். வண்டி தான் பார்த்ததையெல்லாம் நொடிக்கு நொடி எழுதி வைக்கும். முன்னே என்ன தெரிந்தது, என்ன வேகம், என்ன முடிவு. அதை முதலில் நான் படித்து, ஒரு சுருக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். விசாரணை நாளில் முழுப் பதிவையும் எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அது ஏற்பட்டதற்குக் காரணம் நான்தான். முதல் விசாரணையில் நான் இயல்பாகவே இழுத்து இழுத்து, இடையிடையே நிறுத்தி வாசித்தேன். "வாசிக்கிறீங்களா, தூங்கறீங்களா?" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்டார். தலைவி கையைத் தூக்கி அவரை அடக்கினார். அவர் இருபது வருஷம் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் அறையில் வேலை பார்த்தவர். "இந்தப் பொண்ணு வாசிக்கிற மாதிரியே வாசிக்கட்டும். இன்னும் சரியா, கடிகாரம் வச்சு வாசிக்கட்டும். நடந்தப்போ எத்தனை நொடி ஆச்சோ அத்தனை நொடி இங்கேயும் ஆகணும்" என்றார். அன்றிலிருந்து அதுதான் முறை. எழுத்தர் ஒருவர் மேஜை மணியோடு உட்காருவார். பதிவில் ஒவ்வொரு வரிக்கும் உரிய நேரம் வரும்போது ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டுக்குத்தான் அடுத்த வரியை வாசிக்கலாம். இரண்டு வரிகளுக்கு நடுவே ஐந்து நொடி இருந்தால் ஐந்து நொடி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த எழுத்தரை நாங்கள் நொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

மௌனத்துக்குச் சம்பளம் தரும் ஒரே அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். என் தங்கை அப்படித்தான் சொல்வாள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நான் அவளுக்கு வைத்த பெயர் வாலு. அவள் வண்டிக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். பன்னிரண்டு திரைகளின் முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வண்டிகளைக் கவனிப்பாள். வண்டி குழம்பினால் இவள் தூரத்திலிருந்தே ஓட்ட வேண்டும். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் பேசக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் எப்படியும் பேசமாட்டேன்.

கண்ணாடிக் கடை நடத்தும் கண்ணாடிக்காரர் அடிபட்ட வழக்கு ஒரு நாள் வந்தது. பட்டப்பகல், மணி இரண்டு. பீரோக் கதவு ஒன்றுக்கு ஆளுயரக் கண்ணாடி பதித்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் தன் வேனின் பக்கத்தில் நின்றிருக்கிறார். வேன் கதவைத் திறக்க ஆள் வரக் காத்திருந்தார். கண்ணாடி சாலையைப் பார்த்தபடி இருந்தது. அதன் பின்னால் அவர் இருந்தது வெளியே தெரியவில்லை. பத்து விரல் நுனியும் இரண்டு செருப்பு முனையும்தான் தெரிந்தன. ஆறாம் எண் வண்டி வந்து மோதியது. கண்ணாடி தூள். அவருக்கு இடது கால் முறிந்தது.

பதிவு என் மேஜைக்கு வந்தது. சுருக்கப் படிவத்தில் இரண்டு கட்டங்கள். ‘ஆபரேட்டருக்கு எச்சரிக்கை தரப்பட்டதா?’ தரப்பட்டிருந்தது. ஆம் என்று குறித்தேன். ‘ஆபரேட்டர் பதில் அளித்தாரா?’ அளிக்கவில்லை. இல்லை என்று குறித்தேன். ஆபரேட்டர்களுக்குப் பதிவில் பெயர் கிடையாது, எண்தான். பதினேழு. அந்தப் பதினேழின் மேல் எனக்கு லேசான கோபம்கூட வந்தது. படிவத்தை மூடி அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

அந்த இரண்டு குறிகளை வைத்துக்கொண்டு கம்பெனி பதினேழாம் எண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. விபத்துக்கு ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம் என்று அறிவித்து, அவருடைய உரிமத்தை ரத்து செய்யும்படி குழுவிடம் கேட்டது. உரிமம் போனால் அவர் மேல் வழக்கும் வரும்.

விசாரணை நாள் காலை நான் வழக்கம்போல் சமையலறையில் வாசித்துப் பழகினேன். ஸ்டாப்வாட்சை அலமாரியில் சாய்த்து வைத்து, என் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டேன். நான் தயாரிக்கும் பிரதியில் குறியீடுகள் இருக்காது. வண்டி ‘எச்சரிக்கை நான்கு’ என்று எழுதியிருந்தால், அந்த நான்காம் எச்சரிக்கை ஆபரேட்டரின் காதில் என்ன வாக்கியமாக ஒலிக்குமோ அதை முழுவதும் எழுதிவிடுவேன். கேட்பவர்களுக்குப் புரியவேண்டும் இல்லையா.

முதல் முறை வாசித்தேன். எச்சரிக்கை வந்த இடத்தில் தடுக்கியது. வாக்கியத்தை நான் ஆரம்பித்த உடனே மோதலுக்கான நேரம் வந்துவிட்டது. நான்தான் மெதுவாக வாசிக்கிறேன் என்று நினைத்து வேகமாக வாசித்தேன். மறுபடியும் அதே இடம். மூன்றாம் முறை பேய் துரத்துவதுபோல் வாசித்தேன்.

"எவ்வளவு வேகமா சொன்னாலும் முடியாதுக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வாலு கதவில் சாய்ந்து நின்றாள். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. கையில் பை.

"நான் நூறு தடவை சொல்லிப் பார்த்துட்டேன். என்னாலயே முடியல. நான் வாயாடி. நீ ஊமைக்கோட்டான், உன்னால எப்படி முடியும்?"

"நீ எதுக்கு இதைச் சொல்லிப் பார்த்தே?"

அவள் பையின் வாரைத் திருகினாள். "பதினேழு நான்தான்."

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"மூணு வாரமா காலைல கிளம்பிப் போறியே. எங்க போறே?"

"லைப்ரரி. உனக்குப் பிடிச்ச இடமாச்சே, எனக்கும் பிடிக்குதான்னு பார்த்தேன். பிடிக்கல. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

மூன்று வாரம் அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுபோனதையும் பார்த்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்னும் இல்லைன்னும் ரெண்டு டிக் போட்டது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். கம்பெனி நோட்டீஸ்ல உன் கையெழுத்தோட நகல் வச்சிருந்தாங்க. உன் கையெழுத்து ஒண்ணுதான் இந்த ஊர்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சரி, அதை விடு. இன்னொண்ணு சொல்லணும். நான் அப்போ ஆறாம் வண்டியைப் பார்க்கல. ஒன்பதாம் வண்டிக் கதவுல ஒரு அம்மாவோட குடை மாட்டிக்கிச்சு. அந்தம்மா கதவைத் திட்டினாங்க பாரு, அப்படி ஒரு திட்டு. கதவைத் திறந்து விட்டேன், சிரிப்பு அடக்க முடியல. ஒரு மனுஷன் கால் உடைஞ்ச நேரத்துல நான் சிரிச்சிட்டிருந்தேன்க்கா. அது ரெக்கார்டு ஆயிருக்கு."

அப்போதுதான் எனக்குள் அது பற்றிக்கொண்டது. ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன், பிரதியைப் பார்த்தேன். முப்பதாவது நொடியில் எச்சரிக்கை. முப்பத்தொன்றரையில் மோதல். அவள் சிரித்திருந்தாலும் அழுதிருந்தாலும் ஆறாம் திரையை விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாலும், அவளிடம் இருந்தது ஒன்றரை நொடி. படிவத்தில் கட்டம் இரண்டுதான். எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று கேட்கும் கட்டமே இல்லை. நேரத்தோடு வாசிப்பவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய நான், நேரத்தைப் பார்க்காமல் டிக் போட்டிருக்கிறேன்!

"செருப்பைப் போடு. ஓடு" என்றேன்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"ஓடுன்னா ஓடேன்!"

எனக்கு நினைவு தெரிந்து அவளிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் திகைத்துப்போய்க் கூடவே ஓடி வந்தாள். நிறுத்தத்தில் வந்து நின்றதும் டிரைவர் இல்லாத வண்டிதான். கதவு திறந்தது. ‘மதிப்பிற்குரிய பயணியரே, தங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை, தயவுசெய்து கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுமாறு’ என்று அது சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பி, நான் ஒரு பெரியவர் மடியில் உட்கார்ந்தேன்.

"எல்லாத்துக்கும் இதே ராகம்தான்" என்றாள் வாலு. அந்தப் பெரியவர் உட்பட மூவரும் சிரித்தோம். பாதி வழியில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அவள் என் தங்கை. நான் வாசிக்க முடியாது.

சம்பந்தப்பட்டவர் உறவினர் என்றால் அலுவலகத்தில் யாரும் அந்த வழக்கைத் தொடக்கூடாது. நியாயமான விதி. மறைத்துவிடலாம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. இரண்டு நிறுத்தம் வரைக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது. வேறு யாராவது வாசித்தால் எச்சரிக்கை என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுவார்களோ, மணிக்குக் காத்திருக்காமல் ஓட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் வண்டிக்காரர்களை உண்மை சொல்லச் சொல்லும் இடத்தில் நான் பொய்யோடு உட்கார்ந்தால், அப்புறம் அந்த மணிக்கு என்ன மதிப்பு?

விசாரணை அறை நிரம்பியிருந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் ஐந்து பேரும் நடுவில் தலைவியும். முன்வரிசை ஓரத்தில் கண்ணாடிக்காரர், மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலி மேல் நீட்டி வைத்திருந்தார். கட்டின் மேல் யாரோ பேனாவால் ‘உடையும் பொருள், கவனம்’ என்று எழுதியிருந்தார்கள். கம்பெனியின் வக்கீல் புதியவர், வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அருமையான குரல். அவர் தண்ணீர் கேட்டால்கூட நின்று கேட்கத் தோன்றும்.

நான் எழுந்தேன். "மேடம், பதினேழாம் எண் ஆபரேட்டர் என் சொந்தத் தங்கை. இன்னிக்குக் காலைலதான் எனக்குத் தெரியும். நான் வாசிக்கக் கூடாது. சுருக்கப் படிவத்தை நிரப்பினதும் நான்தான். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

அறை சலசலத்தது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சொன்னதுக்கு நன்றி. போய்ப் பின்னால உட்காருங்க. இனிமே இந்த வழக்குல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேச மாட்டா மேடம், அதுல சந்தேகமே வேண்டாம்" என்றாள் வாலு. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

முதலில் அவளைக் கேட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. "நான் பார்க்கல. பார்த்திருந்தாலும் முடிஞ்சிருக்காதுன்னு சொல்லித் தப்பிச்சுக்க வரல. பார்க்கல, அவ்வளவுதான்" என்றாள். வக்கீல் ஒலிப்பதிவைப் போட்டார். அறை முழுக்க என் தங்கையின் சிரிப்பு. மூன்று வாரமாக வீட்டில் கேட்காத சிரிப்பு. அது நடுவிலேயே வெட்டுப்பட்டு நின்றது. கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாலு குனியவில்லை. ஆனால் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்" என்றார் வக்கீல்.

"பதிவை வாசிச்சுத்தான் ஆகணும்" என்றார் தலைவி. "ஆனா வாசிக்க ஆள் இல்ல. குழுல இருக்கறவங்க வாசிக்கக் கூடாது. நொடிக்காரர் மணியைப் பார்க்கணும். ஒத்தி வைக்க வேண்டியதுதான்."

ஒத்திவைப்பு என்றால் இன்னும் ஒரு மாதம். வக்கீலுக்கு ஊருக்குப் போகும் அவசரம் இருந்திருக்க வேண்டும். அல்லது தன் குரலின் மேல் அவருக்கு அத்தனை பிரியம். "ஒரு பக்கம்தானே மேடம்? ஆட்சேபம் இல்லையென்றால் நானே வாசிக்கிறேன்" என்றார்.

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

தலைவி வாலுவைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபம்?"

"சார் குரல் நல்லா இருக்கு. வாசிக்கட்டும்" என்றாள் அவள்.

"எங்க முறை தெரியுமில்ல? மணி அடிச்சாத்தான் அடுத்த வரி. எழுதியிருக்கறதை ஒரு எழுத்து விடாம வாசிக்கணும்."

"ஆஹா, பிரமாதமான முறை" என்றார் வக்கீல். மேஜையில் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டார். அது நான் தயாரித்தது. பதினேழு யார் என்று தெரிவதற்கு முன்பே தயாரித்தது.

நொடிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டிங்.

"இரண்டு மணி ஏழு நிமிடம் பதினைந்தாவது நொடி. முன்னே காலி சாலை. வேகம் முப்பத்திரண்டு." குரல் கம்பீரமாக ஒலித்தது. ஆறு நொடி இடைவெளி. வக்கீல் புன்னகையோடு நின்றார்.

டிங். "எதிரே வாகனம்."

மூன்று நொடி. யாரோ இருமினார்கள்.

டிங். "முன்னே காலி சாலை."

வக்கீலின் புருவம் லேசாக உயர்ந்தது. இரண்டு நொடி. டிங். "எதிரே வாகனம்."

"ஐயோ, அது என் கண்ணாடி!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "அந்த வண்டி அதுக்குள்ள தன்னையே பார்த்திருக்கு! தன் மூஞ்சியைப் பார்த்துத் தானே குழம்பியிருக்கு!"

"மணி ஓடுது, பேசாதீங்க" என்றார் தலைவி. அவர் முன்னால் சாய்ந்துவிட்டார்.

டிங். "முன்னே... காலி சாலை."

இரண்டு நொடி. இப்போது யாரும் இருமவில்லை. எல்லோருக்கும் ஒரே விஷயம் புரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குத் தெரியவில்லை. சாலையா வாகனமா என்று தெரியவில்லை. தெரியாமலே அதே முப்பத்திரண்டு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் ஐம்பது பேர் சேர்ந்து, ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் மனிதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பிரேக் போட யாருக்கும் கால் இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் காலைத் தரையில் அழுத்தி ஊன்றியதை நான் பார்த்தேன்.

டிங். "அடையாளம் தெரியவில்லை. எச்சரிக்கை: மதிப்பிற்குரிய பணியா—"

டிங்.

வக்கீல் நிமிர்ந்தார். "மன்னிக்கவும், நான் இன்னும் முடிக்கவில்லை."

"மோதியாச்சு சார்" என்றார் நொடிக்காரர்.

ஒரு கணம் யாருக்கும் சிரிப்பதா என்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வக்கீல் தொண்டையைச் செருமினார். "நான் சற்று நிதானமாக ஆரம்பித்துவிட்டேன். அந்த வரியை மட்டும் மறுபடி எடுக்கலாமா?"

தலைவி தலையசைத்தார். டிங்.

"அடையாளம் தெரியவில்லை எச்சரிக்கை மதிப்பிற்குரிய பணியாளரே உங்—"

டிங்.

மூன்றாவது முறை அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த அருமையான குரலை எங்கோ கடாசிவிட்டு, ஏலம் விடுபவர்போல் கொட்டினார். ‘உங்கள் பொறுப்பில்’ வரைக்கும் போனார். டிங். சிரிப்பு வெடித்தது. வக்கீலின் முகத்தில் வேர்வை. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள், கண்ணாடிக்காரரின் கால் எல்லோர் கண்ணிலும் பட்டதால்.

"இப்போ மணி வேண்டாம். முழுசா வாசிங்க" என்றார் தலைவி.

வக்கீல் வாசித்தார். "மதிப்பிற்குரிய பணியாளரே, உங்கள் பொறுப்பில் உள்ள ஆறாம் எண் வாகனத்தின் முன்னே அடையாளம் தெரியாத பொருள் உள்ளது. வாகனத்தின் கட்டுப்பாட்டை இப்போது உங்களிடம் ஒப்படைக்கிறோம். இந்த நொடி முதல் வாகனத்தின் முழுப் பொறுப்பும் உங்களையே சாரும்."

"பன்னிரண்டு நொடி" என்றார் நொடிக்காரர், யாரும் கேட்காமலே.

"ஆம்புலன்ஸ் ரூம்ல எங்களுக்கு மூணு கேள்விக்கு மேல கேக்கத் தடை" என்றார் தலைவி. "எங்கே, என்ன, எத்தனை பேர். அவ்வளவுதான். இவ்வளவு நீளமா எழுதினது யார் சார்?"

"எங்கள் சட்டப் பிரிவு."

"எதுக்கு?"

வக்கீல் சமாளித்துக்கொண்டார். "மேடம், ஆபரேட்டர் வாக்கியத்தைக் கேட்டு முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே நொடியில் திரை சிவப்பாகிவிடும். அதைப் பார்த்தாலே போதும்."

"அப்போ இந்த வாக்கியம் யாருக்காக?"

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ மௌனங்களைக் கேட்டிருக்கிறேன். சிலவற்றை நானே தயாரித்திருக்கிறேன். அந்த மௌனத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. வக்கீல் பிரதியைப் பார்த்தார், கம்பெனி ஆட்களைப் பார்த்தார், கடைசியில் என் தங்கையைப் பார்த்தார். அவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருப்பார்.

"எங்களுக்காக" என்றார்.

அதன் பிறகு குழுவிலிருந்து கேள்விகள் மழைபோல் கொட்டின. குழுவில் இருந்த தையல்கார அம்மாதான் முதலில் கேட்டார். "ஒன்பது நொடி அதுக்கே தெரியலியே, அப்பவே ஏன் வேகத்தைக் குறைக்கல?" வண்டி அடிக்கடி வேகத்தைக் குறைத்தால் பயணிகள் புகார் செய்கிறார்கள், அதனால் உறுதியாகத் தெரியும் வரை குறைக்க வேண்டாம் என்று அமைத்திருக்கிறார்கள் என்று கம்பெனி எஞ்சினியர் எழுந்து சொன்னார். "ஒன்பது நொடி அது யோசிச்சுக்கும். ஒன்றரை நொடியை மனுஷனுக்குக் கொடுத்துட்டு, பழியையும் சேர்த்துக் கொடுக்கும். நல்லாயிருக்கே கணக்கு!" என்றார் தையல்கார அம்மா.

கண்ணாடிக்காரர் கை தூக்கினார். "நான் ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணுகிட்ட."

வாலு எழுந்து நின்றாள்.

"அந்தக் குடை அம்மா என்னதான் திட்டினாங்க?"

அவள் தயங்கினாள். தலைவியைப் பார்த்தாள். "‘நீ கதவா, முதலையா? விடுடா என் குடையை’ன்னாங்க."

கண்ணாடிக்காரர் மாவுக்கட்டைத் தட்டிக்கொண்டார். "சிரிப்பு வரத்தான் செய்யும்" என்றார். "எனக்குக் கோபம் இருந்துச்சும்மா. அந்தச் சிரிப்பைக் கேட்டப்போ ரொம்பவே வந்துச்சு. ஆனா ஒன்பது நொடி இருந்திருந்தா நான் அந்தக் கண்ணாடியோட ஒரு டான்ஸே ஆடித் தள்ளிப் போயிருப்பேன். எனக்கும் ஒருத்தரும் சொல்லல, உனக்கும் ஒருத்தரும் சொல்லல."

வாலு அப்போதுதான் அழுதாள். பின்வரிசையில் நான் என் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசக்கூடாது என்பதுதான் உத்தரவு. அழுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தீர்ப்பு அன்று மாலைக்குள் வந்துவிட்டது. ஆபரேட்டரின் உரிமம் ரத்தாகாது. எந்த வண்டியும் தன் முன்னே இருப்பது என்ன என்று சந்தேகப்பட்ட முதல் நொடியிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், பயணிகள் எத்தனை புகார் எழுதினாலும் சரி. மனிதரிடம் வண்டியை ஒப்படைத்த நேரம், சொன்னதை அவர் கேட்டு முடித்த நொடியிலிருந்துதான் கணக்கிடப்படும். அதற்கு முன் நடப்பது முழுக்கக் கம்பெனியின் பொறுப்பு. எச்சரிக்கையைச் சுருக்க வேண்டும். எப்படிச் சுருக்கலாம் என்று தலைவி கேட்டதற்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வாலு சொன்னாள்: "‘ஆறு, பிடி’ன்னா போதும் மேடம்."

வீடு திரும்பும்போது நாங்கள் வண்டியில் ஏறவில்லை. நடந்தோம். அவள் வழியெல்லாம் பேசினாள். வக்கீல் இரண்டு முறைதான் வாசித்தார் என்று அப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. வீட்டு வாசலில் நான் அவளைக் கேட்டேன், "மூணு வாரம் எப்படி இருந்துச்சு?" என்று. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. வாலு இப்போது புதிய ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். ஒருவருக்கு ஐந்து திரைதான். கண்ணாடிக்காரர் லேசாக நொண்டுகிறார். தான் தூக்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டுகிறார். வக்கீல் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டார். ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பிரதியின் நகல் ஒன்றை வாங்கிப் போனார், எதற்கு என்று சொல்லவில்லை. தலைவி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்குத் தையல்கார அம்மா வந்தார். நொடிக்காரர் இன்னும் அதே மணியோடு இருக்கிறார். தவறாகப் படிவம் நிரப்பியதற்கு எனக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: எத்தனை நொடி? அதை நான்தான் நிரப்புகிறேன். ஆறாம் எண் வண்டி அதே தெருவில் ஓடுகிறது. கண்ணாடிக் கடை வரும்போது மெதுவாகப் போகிறது.